சத்துமாவில் '35எஸ் உண்டு' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது?

கம்பங்கொல்லை

வணக்கம். கரூர் பக்கம் சின்னதாகச் சத்துமாவு தயாரித்து விற்கிறேன். கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம், பொட்டுக்கடலை, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். வறுத்து, அரைத்து, அரைக் கிலோ பாக்கெட். என்னையும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்கிறோம்.

ஜெர்மனியில் தமிழ்க் கடைகளுக்குச் சரக்கு எடுக்கும் ஒருவர் இரண்டு டன் கேட்டார். அனுப்பும் முன் 'மரபணு மாற்றப் பொருள் இல்லை' என்று லேப் ரிப்போர்ட் வேண்டும் என்றார். நம்மிடம் எங்கே அதெல்லாம் இருக்கப்போகிறது என்று தைரியமாக அரைக் கிலோ மாவை ஒரு லேபுக்கு அனுப்பினேன். ரிப்போர்ட்டில் '35எஸ்: கண்டறியப்பட்டது. நாஸ்: கண்டறியப்பட்டது. அளவிடக்கூடிய வரம்புக்குக் கீழே' என்று இருக்கிறது. பதறிப்போய் அதே பேட்சின் இன்னொரு பாக்கெட்டை வேறொரு லேபுக்கு அனுப்பினேன். அவர்கள் 'கண்டறியப்படவில்லை' என்று கொடுத்திருக்கிறார்கள்.

தானியம் எல்லாம் முகம் தெரிந்த விவசாயிகளிடம் நேரில் வாங்கியது. இந்தியாவில் மரபணு மாற்று மக்காச்சோளமே கிடையாது என்கிறார்கள். அப்புறம் எப்படி? இரண்டு ரிப்போர்ட்டில் எது உண்மை? சரக்கு குடோனில் நிற்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்பெட்

ஹைதராபாத்தில் பதினோரு வருடமாக இந்தச் சோதனைதான் என் வேலை. முதலில் ஒன்று: இரண்டு ரிப்போர்ட்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரு லேப் பொய் சொல்கிறது என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

35எஸ் என்பது காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த ஒரு டிஎன்ஏ துண்டு. புதிதாகச் செருகிய மரபணுவை வேலை செய்ய வைக்கும் சுவிட்ச் மாதிரி. நாஸ் என்பது அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவிலிருந்து வந்தது, மரபணு எங்கே முடிகிறது என்று காட்டும் முற்றுப்புள்ளி. உலகில் விற்பனைக்கு வந்த மரபணு மாற்றுப் பயிர்களில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும். அதனால் லேப்கள் முதலில் இவற்றைத் தேடும். இது முதல் கட்ட வடிகட்டல், அவ்வளவுதான். இந்தத் துண்டு செருகிய ஏதோ ஒரு பயிரின் டிஎன்ஏ உள்ளே இருக்கலாம் என்று மட்டும் இது சொல்லும். எந்தப் பயிர், எந்த ரகம் என்று சொல்லாது. உங்கள் ரிப்போர்ட்டில் 'மக்காச்சோளம்' என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இருக்காது. அது நாமாக ஊகித்துக்கொண்டது.

அடுத்து, எவ்வளவு மாவைப் பார்த்தார்கள்? நீங்கள் அரைக் கிலோ அனுப்பியிருப்பீர்கள். பெரும்பாலும் அதில் 200 மில்லிகிராம் எடுத்துத்தான் டிஎன்ஏ பிரிப்போம். ஒரு சிட்டிகை. அதிலிருந்து 100 நானோகிராம் டிஎன்ஏ பிசிஆர் (தேடும் டிஎன்ஏ துண்டைப் பல மடங்காகப் பெருக்கிக் காட்டும் சோதனை) குழாய்க்குள் போகும். மக்காச்சோளக் கணக்கில் அது சுமார் 37,000 மரபணுத்தொகுதிப் பிரதிகள். கலப்படம் 0.01 சதவீதம் என்றால் அந்தக் குழாயில் தேடும் துண்டு மூன்று அல்லது நான்கு பிரதிதான் இருக்கும். ஒரு குழாயில் நான்கு விழும், அடுத்ததில் ஒன்று, இன்னொன்றில் எதுவுமே விழாது. அதனால் அளவு இவ்வளவு குறைவாக இருக்கும்போது இரண்டு லேப் இரண்டு பதில் தருவது சகஜம்.

எனக்கு மூன்று விவரம் வேண்டும். முதல் லேபில் 35எஸ்-க்கு 'சிடி' எண் என்ன? இரண்டாவது லேப் தாவரப் பொது மரபணு அல்லது மக்காச்சோள மரபணு வந்ததா என்று பார்த்ததா? பாக்கெட் எங்கே அரைத்தது?

நெல்மணி_சேலம்

இதில் மர்மம் என்ன இருக்கிறது? கள்ளத்தனமாக விதை உள்ளே வந்துவிட்டது. 2019-ல் ஹரியானா ஃபதேஹாபாத்தில் என்ன நடந்தது? அனுமதியே இல்லாத பி.டி. கத்தரி (பூச்சியைத் தாங்கும் மரபணு சேர்த்தது) ஒரு தோட்டத்தில் வளர்ந்து நின்றது. ஆர்வலர்கள் பிடித்துக் கொடுத்த பிறகு டெல்லியில் என்.பி.பி.ஜி.ஆர். என்ற மத்திய அரசு லேப் உறுதி செய்தது. செடிகளை அழித்தார்கள். களைக்கொல்லி தாங்கும் எச்.டி.பி.டி. பருத்தியை மகாராஷ்டிராவில் விவசாயிகள் அனுமதி இல்லாமல் பகிரங்கமாகவே நட்டார்கள். மக்காச்சோளமும் அப்படி வந்திருக்காது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்குக் கோபம் வருகிறது. விவசாயிக்கே தெரியாமல் அவன் வயலில் வேறு யாரோ முடிவு எடுக்கிறார்கள்.

பிப்பெட்

கோபம் நியாயம். நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவை. மக்காச்சோள விதை கள்ளமாக வந்திருக்கவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விவசாயி அந்த விதையை விதைத்திருந்தால் அவர் மூட்டையில் பெரும்பாலான மணிகள் நேர்மறையாக வரும். அப்போது மாவில் அளவிட முடியாத துளி வராது, பல சதவீதம் வரும். இங்கே வந்தது தூசி அளவு. அதனால் தூசி எங்கிருந்து வந்தது என்று முதலில் தேடலாம்.

பெரம்பலூர்க் கரிசல்

நான் மக்காச்சோளமும் பருத்தியும் வைக்கிறவன். எங்கள் மாவட்டத்தில் இந்த இரண்டும்தான் மானாவாரிப் பயிர். லேப் விஷயம் தெரியாது. களத்து விஷயம் சொல்கிறேன்.

பருத்தி எடுத்துக் கொண்டுவந்து கொட்டும் அதே தார்ப்பாயில்தான் மக்காச்சோளம் காய வைக்கிறோம். அதே டிராக்டர், அதே டாடா ஏஸ், அதே சாக்கு. பருத்திப் பஞ்சு எங்கே ஒட்டும், எங்கே பறக்கும் என்று சொல்லவே முடியாது. மக்காச்சோளச் சாக்கை உதறினால் நாலு பருத்திக்கொட்டை விழும். இங்கே விதைக்கிற பருத்தி எல்லாமே பி.டி.தான். 2002-ல் அனுமதி வந்த பிறகு பத்து வருடத்துக்குள் நாட்டு ரகம் கடையிலேயே இல்லாமல் போனது. நீங்கள் மக்காச்சோளத்தைச் சந்தேகிக்கிறீர்கள். எனக்குப் பருத்தி மேல்தான் சந்தேகம்.

கம்பங்கொல்லை

பெரம்பலூர் அண்ணா, படித்ததும் திக்கென்றது.

பிப்பெட் சார் கேட்ட விவரம்: முதல் லேபில் 35எஸ் சிடி 36.4 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டாவது லேப் ரிப்போர்ட்டில் 35எஸ், நாஸ் தவிர வேறு எந்த வரியும் இல்லை. அரைப்பது சொந்த மில் இல்லை, வாடகை. பகலில் எங்கள் மாவு. ராத்திரியில் அதே மில்லில் மாட்டுத்தீவனம் அரைக்கிறார்கள். பக்கத்து குடோன் முழுக்கப் பருத்திக்கொட்டை மூட்டை. நான் தினமும் பார்க்கிறேன். இதுவரை தோன்றவே இல்லை.

பிப்பெட்

சரி, இப்போது படம் கொஞ்சம் தெளிவாகிறது.

சிடி என்பது எத்தனையாவது சுழற்சியில் கருவி 'ஆம்' என்றது என்ற எண். ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ இரட்டிக்கும். நிறைய இருந்தால் 22, 24-லேயே தெரிந்துவிடும். 36 என்றால் கைவிரலில் எண்ணக்கூடிய பிரதிகள். பெரம்பலூர்க்காரர் சொன்னதோடு இது பொருந்துகிறது. இந்தியாவில் அதிகம் விளையும் போல்கார்ட் என்ற பி.டி. பருத்தியில் 35எஸ் இருக்கிறது, நாஸ் இருக்கிறது. இரண்டு கோடும் வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பது போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும்.

லேபிடம் இப்படிக் கேளுங்கள்: "பருத்திக்கே உரிய மரபணு உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்." சாட்1, எஸ்ஏஎச்7 என்று இரண்டு மரபணு இதற்குப் பயன்படும். சோயாவுக்கு லெக்டின் மரபணு. தீவனம் அரைக்கும் மில் என்பதால் சோயாவும் பாருங்கள். 2021-ல் கோழித்தீவனத் தட்டுப்பாடு வந்தபோது 12 லட்சம் டன் மரபணு மாற்று சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசே அனுமதித்தது. தீவனம் இருக்கும் இடத்தில் சோயாவை ஒதுக்கிவிட முடியாது. காலிஃபிளவர் மொசைக் வைரஸுக்கும் தனியாக ஒரு சோதனை கேளுங்கள். கோஸ், காலிஃபிளவர், கடுகு இவற்றில் அந்த நோய் இயல்பாகவே வரும், நோய் வந்த இலை துளி கலந்தாலே 35எஸ் நேர்மறை காட்டிவிடும். உங்கள் மாவில் அந்தக் குடும்பம் இல்லை, ஆனாலும் அந்தக் கதவை அடைத்துவிடுவது நல்லது.

இரண்டாவது லேப் பற்றி எனக்கு ஒரு கவலை. மாவில் கேழ்வரகு இருக்கிறது. கேழ்வரகுத் தோலில் பாலிஃபீனால் அதிகம். அது டிஎன்ஏவோடு சேர்ந்து வந்து பிசிஆரையே முடக்கிவிடும். வறுத்த மாவு வேறு, டிஎன்ஏ துண்டு துண்டாகியிருக்கும். மக்காச்சோள மரபணுவாவது நன்றாக வந்தது என்று காட்டாமல் '35எஸ் இல்லை' என்று எழுதினால், அது 'இல்லை' ஆகாது. கருவி வேலை செய்யாமல் இருந்தாலும் அதே வரிதான் வரும். அவர்களிடம் மரியாதையாகக் கேளுங்கள், டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. முடிந்தால் மாவை விட்டுவிட்டு அரைக்காத தானியத்தை அனுப்புங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாக. மக்காச்சோளம் ஒரு கைப்பிடி போதாது. ஆயிரத்தில் ஒரு மணி கலந்திருந்தாலும் 95 சதவீத நிச்சயத்தோடு பிடிபட வேண்டுமென்றால் சுமார் 3,000 மணி அரைத்துச் சோதிக்க வேண்டும். மேலே இருக்கும் ஒரே மூட்டையில் அள்ளாதீர்கள். எல்லா மூட்டையிலும் மேல், நடு, அடி என்று குத்தூசியால் எடுத்துக் கலந்து, அதிலிருந்து பிரித்து அனுப்புங்கள். மூட்டையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் எவ்வளவு விலை உயர்ந்த கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இதை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

வைகைக்கரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மதுரையில் இருக்கிறேன். பருத்தி, பருத்தி என்று படிக்கப் படிக்க எனக்கு வேறு நினைப்பு வந்துவிட்டது. வாரம் இரண்டு நாள் பிள்ளைகளுக்குப் பருத்திப்பால் வாங்கித் தருகிறேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால்தானே அது? இந்தியாவில் மரபணு மாற்று உணவே கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்களே, அப்போது இது என்ன?

பிப்பெட்

குறுக்கே வரவில்லை அக்கா, நேராக நடுவில்தான் வந்திருக்கிறீர்கள்.

சட்டப்படி இங்கே விளைவிக்க அனுமதி உள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயராம் ரமேஷ் நிறுத்தி வைத்தார். கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம் ஊர்க் கத்தரி ரகங்களிலேயே அந்த மரபணுவைச் சேர்த்து வைத்திருந்தது, அதுவும் அதோடு நின்றது. டி.எம்.எச்.-11 என்ற மரபணு மாற்றுக் கடுகுக்கு 2022 அக்டோபரில் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பச்சைக்கொடி காட்டியது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அதில் மாறுபட்ட தீர்ப்பு கொடுத்தார்கள்.

ஆனால் பருத்தியை நாம் உடுத்துவதோடு நிறுத்துவதில்லை. பருத்திக்கொட்டை எண்ணெய் சமையலுக்குப் போகிறது. சுத்திகரித்த எண்ணெயில் டிஎன்ஏவும் புரதமும் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். எந்த லேபுக்கு அனுப்பினாலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. பருத்திப்பால் அப்படி இல்லை. கொட்டையையே பிழிந்தது, டிஎன்ஏ இருக்கும், பிசிஆரில் தெரியும். கடைக்காரர் பழைய நாட்டுப் பருத்திக்கொட்டை தேடி வாங்கினால் ஒழிய, அது பி.டி. கொட்டையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்பதற்கு என் சோதனை பதில் சொல்லாது. இருக்கிறதா இல்லையா என்பது ஒரு கேள்வி, கெடுதலா இல்லையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையைக் காட்டி இரண்டாவதற்கு முடிவு சொல்கிறவர்களை, எந்தப் பக்கத்தவராக இருந்தாலும், நான் ஏற்பதில்லை. ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நெல்மணி_சேலம்

ஒரு துளி தூசிக்காக ஒரு சிறு வியாபாரியை இவ்வளவு அலைய விடுவது சரியா? நம் நாட்டிலேயே 24 உணவுப் பயிர்களின் இறக்குமதிக்கு 1 சதவீதம் வரை எதேச்சையான கலப்புக்கு இடம் கொடுத்துத்தானே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021 மார்ச்சிலிருந்து விதி வைத்திருக்கிறது? ஐரோப்பாவிலும் 0.9 சதவீதம் வரை லேபிள் வேண்டாம் என்கிறார்களே?

பிப்பெட்

அந்த 0.9 அங்கே அனுமதி பெற்ற ரகங்களுக்கு மட்டும். அனுமதி இல்லாத ரகம் உணவில் துளி இருந்தாலும் சரக்கு நிற்கும். அதோடு அந்தச் சதவீதம் மொத்த மாவுக்கு இல்லை, பொருளுக்குப் பொருள். மாவில் இருக்கும் மக்காச்சோள டிஎன்ஏவில் எத்தனை பங்கு மாற்றப்பட்டது என்றுதான் கணக்கு. இப்போது பருத்தித் தூசியை அந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாவில் பருத்தி இம்மியளவுதான், ஆனால் அந்தப் பருத்தி டிஎன்ஏ ஏறக்குறைய முழுவதும் பி.டி. சதவீதம் நூறுக்கு அருகில் போய் நிற்கும். இதை வைத்து ஐரோப்பிய லேப்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. அதனால்தான் எந்தப் பயிர் என்று தெரிவது அவசியம் என்கிறேன்.

துளிதானே என்று விட முடியாததற்கு ஒரு உதாரணம். 2006 ஆகஸ்டில் அமெரிக்க நீள அரிசியில் எல்.எல்.ரைஸ் 601 என்ற பேயர் நிறுவனத்தின் ரகம் இருப்பதாக அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. விற்பனைக்கு அனுமதி வாங்காமல், சோதனை வயலோடு நிறுத்திவிட்ட ரகம் அது. பத்தாயிரம் மணிக்கு ஆறு என்ற அளவில் இருந்தது. ஜப்பான் வாங்குவதை நிறுத்தியது, ஐரோப்பா ஒவ்வொரு சரக்குக்கும் சான்று கேட்டது, விலை சரிந்தது. 2011-ல் விவசாயிகளுக்கு 75 கோடி டாலர் வரை கொடுக்க அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. எப்படிக் கலந்தது என்று அரசு விசாரணையால் கடைசிவரை சொல்ல முடியவில்லை.

நமக்கும் நடந்தது. 2021 ஜூனில் பிரான்சில் அரிசி மாவில் மரபணு மாற்றுப் பொருள் இருப்பதாக ஐரோப்பிய ஒன்றிய எச்சரிக்கை வந்தது. இந்தியாவிலிருந்து போன 500 டன் குருணை வரை விரல் நீண்டது. இங்கே மரபணு மாற்று நெல் வணிகமாக விளைவிப்பதே இல்லை, கலப்பு வேறு இடத்தில் நடந்திருக்கலாம் என்று அரசு பதில் சொன்னது. அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் லேபில் அரிசிச் சாம்பிள் குவிந்தது. நெல் விவசாயி யாரும் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் அவர்கள் அரிசிதான் வரிசையில் நின்றது.

பெரம்பலூர்க் கரிசல்

ஒரு சந்தேகம். போன வருடம் மே மாதம் என்று நினைக்கிறேன், மரபணு திருத்திய நெல் என்று இரண்டு ரகம் அறிவித்தார்களே. அதையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா?

பிப்பெட்

2025 மே 4. கமலா என்ற டி.ஆர்.ஆர். தான் 100, பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1. முதலாவது நமக்குத் தெரிந்த சம்பா மசூரியைத் திருத்தியது. இவற்றில் வெளி மரபணு எதுவும் மிச்சம் இல்லை, நெல்லின் சொந்த டிஎன்ஏ எழுத்திலேயே சிறு வெட்டு. 35எஸ், நாஸ் இரண்டும் இருக்காது. என் வழக்கமான சோதனையில் 'இல்லை' என்றே வரும். எந்த இடத்தில் எந்த எழுத்து மாறியது என்று உருவாக்கியவர்கள் சொன்னால் அந்த இடத்தைப் படித்துப் பார்க்கலாம். ஆனால் அதே மாற்றம் இயற்கையாகவும் வரக்கூடியது என்றால், ஆய்வகத்தில் திருத்தியதால் வந்ததா தானாக வந்ததா என்று டிஎன்ஏ சொல்லாது. அதற்கு விதைப் பதிவேடுதான் வழி. 2022 மார்ச்சில் இந்த வகைப் பயிர்களுக்குப் பழைய விதிகளிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டார்கள். வேண்டும் என்கிறவர்களும் வேண்டாம் என்கிறவர்களும் பதிவேட்டையாவது சேர்ந்து கேட்டிருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

கம்பங்கொல்லை

மூன்று வாரம் கழித்து வருகிறேன். எல்லாம் கிடைத்துவிட்டது.

மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு, பொட்டுக்கடலை நான்கையும் அரைக்காமல் தனித்தனியாக அனுப்பினேன். மக்காச்சோளம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேல். கூடவே மில்லின் வாய், சல்லடை, தொட்டி இவற்றில் பிரஷ் போட்டு எடுத்த தூசியும், பழைய மாவும்.

நான்கு தானியத்திலும் 35எஸ் இல்லை, நாஸ் இல்லை. மக்காச்சோளத்தில் மக்காச்சோள மரபணு சிடி 23-ல் நன்றாக வந்திருக்கிறது, ஆகவே கருவி வேலை செய்திருக்கிறது. மில் தூசியில் 35எஸ், நாஸ், பருத்தி மரபணு மூன்றும் பலமாக வந்திருக்கின்றன. பழைய மாவில் பருத்தி மரபணு 35-ல், 35எஸ் 36-ல். சோயா இல்லை, வைரஸும் இல்லை.

இரண்டாவது லேப் தயங்காமல் மறுபடி ஓட்டிக் கொடுத்தது, அதற்கு அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். முதல் முறை மக்காச்சோள மரபணுவே மிகத் தாமதமாகத்தான் வந்திருக்கிறது, அதை ரிப்போர்ட்டில் எழுதவில்லை. நீர்த்த பிறகு 35எஸ் வந்துவிட்டது. கேழ்வரகுதான் தடுத்திருக்கிறது.

செலவு அந்த மாத லாபத்தை முழுசாகத் தின்றுவிட்டது. இருந்தாலும் ராத்திரி தூக்கம் வருகிறது. என் விவசாயிகள் ஒருவரைக்கூட நான் தப்பாகப் பேசவில்லை என்பதில் நிம்மதி. முதல் ரிப்போர்ட் வந்த அன்று மக்காச்சோளம் கொடுத்தவருக்கு ஃபோன் போட்டுக் கத்தப் பார்த்தேன். அவர் எடுக்கவில்லை.

வாடகை மில்லை விட்டுவிட்டோம். சின்னதாக ஒரு பல்வரைசர் (மாவு அரைக்கும் இயந்திரம்) கடனில் வாங்கியிருக்கிறேன். அதில் எங்கள் தானியம் தவிர வேறு எதுவும் போடுவதில்லை. ஒவ்வொரு பேட்சிலும் ஒரு கிலோ தனியாக டப்பாவில் மூடித் தேதி எழுதி வைக்கிறோம். ஜெர்மனிக்காரரிடம் எல்லா ரிப்போர்ட்டையும் அப்படியே அனுப்பினேன், பழைய மாவின் ரிப்போர்ட் உட்பட. புது பேட்ச் சோதித்து வந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பழைய இரண்டு டன் அவருக்குப் போகாது.

வைகைக்கரை

கடைக்காரரிடம் கேட்டேன். கொட்டை எந்தப் பருத்தி என்று அவருக்கே தெரியவில்லை. வாங்கும் இடத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்றார். இத்தனை வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள் நான்தானாம்.

பெரம்பலூர்க் கரிசல்

கம்பங்கொல்லை தம்பி, தையில் என் மக்காச்சோளம் அறுப்புக்கு வரும். உனக்கென்று இருபது மூட்டை தனியாகக் காய வைக்கிறேன். தார்ப்பாய் புதுசு, சாக்கும் புதுசு. பருத்தி எடுக்கும் வண்டியில் ஏற்ற மாட்டேன், நீயே வண்டி கொண்டு வா.